கொழும்புக்கு மூன்று மணி நேரம்

என் தங்கை புருஷன் விமானத்தில் கொழும்புக்குக் கிளம்பிய அன்று, காசிமேட்டில் புகுந்த வீட்டில் தங்கை மட்டும் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஒன்பது மாதக் கர்ப்பிணி. சித்திரை வெயில் வேறு.

அவர் மீனவர் வீட்டுப் பிள்ளை. வலையை விட்டுவிட்டுக் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டரானவர். கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் இயந்திரம் கெட்டு நின்றதால், பட்டறைக்காரர்கள் அவரை அவசரமாக அனுப்பினார்கள். அவர்கள் குப்பத்தில், கட்டுமரத்தில் போனவன் கரையில் கால் வைக்கும்வரை பெண்டாட்டி பச்சைத் தண்ணீரும் தொடமாட்டாள். கட்டுமரம் மதியத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் அது யாருக்கும் பெரிய கஷ்டமாக இருந்ததில்லை. விமானமும் கடல் மேல்தானே போகிறது என்று தங்கை அதே நோன்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கப்பலா இருந்தா துன்னுவேன் அண்ணாத்த. கப்பல் ஒரு ஊரு மாரி. இது பறவ மாரி ஒண்டியா போவுது."

"அவன் எறங்குனது உனக்கு எப்டிடீ தெரியும்?" என்றாள் அவள் மாமியார். "ரயிலும் கப்பலுமா போனா ரெண்டு ராத்திரி ஒரு பகல் ஆவும். அதுவரிக்கும் வயித்துல கீற புள்ள காயணுமா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ ஆம்பளதானே? எம்மாம் நேரம் ஆவும்னு போயி கேட்டுகினு வாயேன்."

முன்பின் தெரியாதவரிடம் போய்க் கேட்பதுதான் எனக்கு ஆகாத காரியம். ஆனாலும் ராயபுரத்தில் டிராம் ஏறினேன். பாரிமுனையில் அது நகராமல் நின்றபோது, இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. மவுண்ட் ரோட்டில் விமானக் கம்பெனிக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே எல்லாரும் கால்சட்டை போட்டிருந்தார்கள். இரண்டு முறை கதவைத் தாண்டி நடந்து திரும்பினேன்.

"யோவ், உள்ள போறியா, இல்ல கதவுக்குக் காவலா?" என்றார் வாசலில் இருந்த காவல்காரர்.

உள்ளே குமாஸ்தா மரியாதையாகவே பேசினார். சுவரில் இருந்த தேசப்படத்தில் சென்னையையும் கொழும்பையும் தொட்டுக் காட்டினார். இடையில் ஒரு விரல் நீளம்தான்.

"நானூறு மைலுக்கு மேலே. மூணு மணி நேரம் ஆகும்."

"காலையில போனது எப்போ சேரும்?"

"சேர்ந்தாச்சே! இறங்கிட்டதா சேதி வந்துடுச்சு."

நான் நம்பாமல் மறுபடியும் கேட்டேன். அவர் சிரித்தபடி அதையே சொன்னார். திரும்பும்போது டிராமில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை.

வீட்டில் சொன்னதும் மாமியார் மோவாயில் கை வைத்தாள். "நீ மவுண்ட் ரோடு போயி வரதுக்குள்ள அவன் சிலோனே பூட்டானா?"

"அப்ப டிராமுக்கும் றெக்க கட்டச் சொல்லு நைனா!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

தங்கை சிரிக்கவில்லை. "நெசமா எறங்கிட்டாரா?"

"ஆமாம்மா, சேதி வந்துடுச்சாம்."

ஒரு சொம்பு நீராகாரத்தை வாய் எடுக்காமல் குடித்தாள். அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இம்மாங்கிட்டக்கயா கீது? அப்ப எனக்குக் காத்தால வலி எடுத்து சொல்லி அனுப்ச்சா, மத்தியானம் வந்துடுவாரா?"

கொழும்பு இரண்டு ராத்திரி ஒரு பகல் தூரத்தில் இருந்தவரை அவள் இதைக் கேட்கவில்லை. கப்பல் வேலை முடியாமல் அவரை விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும். தூரத்தின் மேல் பழியைப் போடவும் இனி வழியில்லை. நான் எழுந்து, காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நீராகாரம் கொண்டுவர உள்ளே போனேன்.