அப்பாவின் ரெண்டு மிதி

யோசனை தோன்றிய நேரத்தில் என் தலை கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தது. மைசூர் தேவராஜ மொஹல்லாவில் காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பையிலிருந்து ஈரங்கெரே ரகக் கத்திரிக்காய் ஒன்று நழுவி, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவின் பக்கம் உருண்டது. பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் அன்றைக்குச் சாம்பார் கிடையாது, நாங்களும் கிடையாது. குனிந்து கையை நீட்டினேன். முன்னால் சிக்னல் சிவப்பானது.

அப்பாவின் வலது கால் பிரேக்கை மிதித்தது. பெடல் சொதசொதவென்று தரைவரை போனது. கால் விட்டது, மறுபடி மிதித்தது. இந்தத் தடவை பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது. வண்டியும் நின்றது.

"அப்பா! நீங்க ரெண்டு தடவை மிதிக்கிறீங்க!"

"யாரு, நானா? காயை எடுத்துட்டு நிமிருடீ. பக்கத்து பஸ்ல இருக்கறவங்கள்லாம் பார்க்கிறாங்க."

எனக்கு அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், அதற்கு முந்தைய மாதம் எங்கள் வீட்டு கேட்டை நான் இடித்திருந்தேன். பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. கேட் உள்பக்கமாக வளைந்து, வருகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. அப்பா வந்து, அதே பிரேக்கை மிதித்து, அதே வண்டியை அழகாக நிறுத்திக் காட்டினார். "வண்டியில ஒண்ணுமில்லை. உன் கால்லதான் கோளாறு." அத்தோடு சாவி அவர் சட்டைப் பைக்குப் போய்விட்டது. லைசென்ஸ் என் கையில், சாவி அவர் பையில். குளிக்கப் போகும்போதுகூடச் சட்டையோடு உள்ளே போனார்.

இப்போது புரிந்தது. முதல் மிதி வீண், இரண்டாவது மிதிதான் பிரேக். பிரேக் ஆயில் ஓடும் குழாயில் காற்று புகுந்தால் அப்படித்தான் ஆகும்; முதல் மிதி காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவின் கால் அதற்குப் பழகியிருக்கிறது. அவருக்கே தெரியாது. ஒரு மிதி மிதிக்கிற அப்பாவிப் பெண்தான் கேட்டில் போய் நிற்க வேண்டும்.

"காத்தை எடுத்துட்டா சாவி தருவீங்களா?" என்று வீட்டுக்கு வந்து இறங்கியதும் கேட்டேன்.

"காத்தே இல்லைங்கிறேன். இருந்து, எடுத்தா தரேன்."

"அம்மா, நீதான் சாட்சி."

"சும்னே பேசிட்டிருக்காம ரெண்டு பேரும் காயை உள்ளே கொண்டு வாங்க" என்றாள் வாசலில் நின்ற அம்மா, பாதிக் கன்னடத்தில்.

அந்த வார இறுதியில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினேன். முன்சக்கரத்துக்கு அம்மிக் குழவியை அண்டை கொடுத்ததற்கு அம்மாவிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இடது பின்சக்கரத்துக்குப் பின்னால், காற்றை வெளியேற்றும் சின்ன நிப்பிளைச் சுற்றி ஈரம். தொட்டுப் பார்த்தால் பிரேக் ஆயில். யாரோ மெக்கானிக் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் நிப்பிளைத் திறந்து, ஆயிலும் குமிழியும் வெளியே வந்ததும் மூட வேண்டும். மூடும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வந்ததெல்லாம் உள்ளேயே போய்விடும். மீன் தொட்டிக்குப் போடுகிற டியூப் ஒன்றை நிப்பிளில் மாட்டி, காலி ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, மறுமுனையை அதற்குள் விட்டேன். அம்மாவைக் கூப்பிட்டேன். அப்பா குறுக்கே வந்தார்.

"என் வண்டி. நான்தான் மிதிப்பேன்."

"மிதிச்சுப் பிடிங்க. நான் சொல்றவரைக்கும் விடாதீங்க."

"தெரியும்டீ."

நிப்பிளைத் திறந்தேன். டியூபில் சோடா மாதிரிக் குமிழிகள். ஆஹா என்பதற்குள் அத்தனையும் வந்த வழியே திரும்பி ஓடின.

"விட்டுட்டீங்களா?"

"விடவே இல்லையே."

மறுபடி செய்தோம். குமிழி வந்தது, திரும்பி ஓடியது. எட்டிப் பார்த்தேன். அப்பா மிகுந்த கவனத்தோடு, கண்ணைக்கூட மூடிக்கொண்டு, ஒரு மிதி மிதித்து, விட்டு, இன்னொரு மிதி மிதித்தார். கோளாறை இத்தனை நாள் மறைத்த கால், இப்போது ரிப்பேரும் செய்ய விடவில்லை.

"நீங்க இறங்குங்கப்பா. அம்மா மிதிக்கட்டும்."

"முடியாது."

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். கார்க் கதவைத் திறந்து, அப்பாவின் வலது முழங்காலில் இரண்டு கையையும் வைத்து முழுப் பாரத்தையும் போட்டாள்.

"ஏய், என்ன பண்றே?"

"நீங்க மிதிங்க. விடாம நான் பார்த்துக்கறேன்." முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். "உங்களைப் பிடிச்சு ஒரு இடத்துல உட்கார வைக்கணும்னு எத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்."

அவ்வளவுதான். குமிழிகள் கும்பலாக வந்து பாட்டிலில் விழுந்து வெடித்தன, ஒன்றுகூடத் திரும்பவில்லை. நாலு சக்கரத்துக்கும் இதே ஏற்பாடுதான். கடைசிச் சக்கரம் முடிந்த பிறகும் அம்மா கையை எடுக்கவில்லை, நான்தான் ஞாபகப்படுத்தினேன். பெடலை நான் மிதித்துப் பார்த்தேன். முதல் மிதியிலேயே கல்.

சோதனை ஓட்டம் அப்பாதான் செய்வார் என்று சொல்லத் தேவையில்லை. அம்மா பின்னால், நான் பக்கத்தில். தெருமுனை மேட்டில் வழக்கம்போல ஓங்கி முதல் மிதி. வண்டி அங்கேயே நின்றது. எங்கள் தலை மூன்றும் ஒரே சமயத்தில் வணக்கம் சொன்னது. பழக்கதோஷத்தில் இரண்டாவது மிதி. மறுபடி வணக்கம். என்ஜின் ஆஃப்.

நாயோடு நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலருகே வந்து அன்பாகக் கேட்டார்: "ஏன் சார், டிரைவிங் கலீத்தித்தீரா?"

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறீர்களா என்று. மைசூரில் ஒரு கீறல் இல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டிய மனிதரிடம்.

அப்பா இறங்கினார். வண்டியைச் சுற்றி நடந்து என் பக்கக் கதவைத் திறந்தார். "நீ ஓட்டு" என்றார். "எனக்குக் கால் வலிக்குது."

"கால்ல கோளாறாப்பா?"

பின்சீட்டில் அம்மா இருமினாள். அது இருமல் இல்லை.

நான் ஒரே மிதியில், மெதுவாக, சிரிக்கிற கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அப்பா பார்த்தும் பார்க்காததுபோல இறங்கிப் போனார். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது, மேஜைக்கு அடியில் அவர் கால் தானாக இரண்டு தடவை தரையை மிதிப்பதைப் பார்த்தேன்.

ஆகவே அடுத்த வேலை வண்டியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவைத் தொட்டகெரே மைதானத்துக்கு அழைத்துப் போகிறேன். டாஷ்போர்டில் வாய்வரை காபி நிரப்பிய டம்ளர் ஒன்று. அது சிந்தாமல் அவர் நிறுத்த வேண்டும். அம்மா இப்போதே முன்சீட்டைப் பிடித்து வைத்துவிட்டாள். பின்சீட்டிலிருந்து அப்பாவின் முழங்கால் எட்டாதாம்.