சிவப்பு ஒயினும் என் மூக்கும்

ஓட்டலில் ஒயின் பரிமாறுகிறவனுக்கு மூக்குக்குத்தான் சம்பளம். கையும் காலும் அதன் பின்னால் ஓடிவருபவை. மூக்கை நம்பிப் பிழைக்கும் மல்லிகைப்பூ வியாபாரிகளே, காபித்தூள் கடைக்காரர்களே, என் பாடு உங்களுக்காவது புரியும்.

சுற்றி வந்த கிளாஸ்

பாட்டிலைத் திறந்ததும் விருந்து கொடுப்பவருக்கு ஒரு வாய் மட்டும் ஊற்றுவோம். கெட்டுப்போயிருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு. ஒத்தக்கடையில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ராசேந்திரன் முதல்முறை வந்தபோது, அந்த ஒரு வாயை மரியாதையாக மச்சானிடம் நீட்டினார். மச்சான் பெரியப்பாவிடம் கொடுத்தார். கிளாஸ் மேசையைச் சுற்றிவிட்டு ஒரு சொட்டும் குறையாமல் என்னிடமே வந்தது.

"நல்லா இல்லைன்னா சொல்லுங்க, வேற பாட்டில் தாரேன்" என்றேன். ராசேந்திரனுக்குச் சங்கடமாகிவிட்டது.

"ஊத்திக் குடுத்தவுக மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லைன்னு எப்பிடிண்ணே சொல்றது?"

சுக்காவோடு சண்டை

ஆட்டுக்கறிக்கு அழுத்தமான சிவப்பு ஒயின் பொருத்தம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னவர் மதுரைச் சுக்கா சாப்பிட்டதில்லை. நான் அதை நம்பிப் பரிமாறினேன். சாப்பிட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார்கள்.

எங்கள் சமையல்கட்டில் சுக்கா போடுவது சவேரியம்மா அக்கா. ஒயினை வாயில் வைத்ததே இல்லை. கொட்டைப்பாக்கு மாதிரி துவர்க்கும் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கிளாஸை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். அன்றைக்கு மிளகாயைப் பாதியாகக் குறைத்து, கொழுப்புத் துண்டுகளாகப் பொறுக்கிப் போட்டார். துவர்ப்பு அடங்கி, கறியும் ஒயினும் ஒன்றுக்கொன்று ருசி கூட்டின. எப்படிக்கா என்று கேட்டேன்.

"அது துவர்க்குது, இது எரிக்குது. ரெண்டும் ஒரே நேரத்துல கத்துனா வாயி யாரு பேச்சக் கேக்கும் தம்பி?"

பால் தீய்ந்த காலை

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து போனது. அதற்கப்புறம் ஒரு நாள், கே.கே. நகர் வீட்டில் அடுப்புப் பக்கத்திலேயே நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி ரெஜினா மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பால் தீய்ந்து பாத்திரம் கறுத்திருந்தது. எனக்கு ஒரு வாடையும் வரவில்லை. காபித்தூளைத் திறந்து மூக்கில் வைத்தேன். சோப்பை வைத்தேன். ஒன்றுமில்லை.

பயந்துவிட்டேன். நாக்கு புளிப்பையும் துவர்ப்பையும் சொன்னது, மற்றதெல்லாம் போய்விட்டது. வெளியே தெரிந்தால் பழையபடி கல்யாண ஹாலில் தட்டு தூக்க வேண்டியதுதான். அங்கிருந்து இந்த வேலைக்கு வர எனக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. ரெஜினா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஓட்டல்ல சொல்லப் போறீங்களா, இல்ல நடிக்கப் போறீங்களா?"

ஈரச்சாக்கு

நடித்தேன். ஒரு மாதம் ஓடியது. அப்போது ராசேந்திரன் மகளுக்கு நிச்சயமாகி, சம்பந்தி வீட்டாரை விருந்துக்குக் கூட்டிவந்தார். நான் தக்கையை முகர்ந்து, நிறைவாகத் தலையாட்டி, ஒரு வாய் ஊற்றினேன். இந்தமுறை அவரே குடித்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு "அருமை" என்றார். எல்லோரும் சிரித்துப் பேசி, பாட்டிலைக் காலிசெய்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

காலிப் பாட்டிலைச் சமையல்கட்டில் வைத்தேன். சவேரியம்மா அக்கா சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்தினார்.

"என்ன தம்பி, மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி வாடையடிக்குது. இதையா அம்புட்டுப் பேருக்கும் ஊத்துனீங்க?"

ஒத்தக்கடையில்

தக்கை கெட்டிருந்தால் ஒயினில் வரும் வாடை அது. முகர்ந்த உடனே தெரிந்திருக்க வேண்டும். மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் காலை பஸ் பிடித்து ஒத்தக்கடை போய், கடையில் நின்றுகொண்டே ராசேந்திரனிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"மொத வாயிலயே தெரிஞ்சிருச்சுண்ணே. நீங்க மோந்து பாத்து நல்லாருக்குன்னு தலையாட்டிட்டீக. சம்பந்தி முன்னால ஒங்களப் பொய்யாக்கச் சொல்றீகளா?"

இப்போது எங்கள் ஓட்டலில் பாட்டிலைத் திறப்பது நான், முகர்ந்து பார்ப்பது ஒரு வாய்கூடக் குடிக்காத சவேரியம்மா அக்கா, தலையாட்டும் வேலையை மட்டும் மேலாளர் பெருந்தன்மையாக என்னிடமே விட்டுவைத்திருக்கிறார்.