கை நீளப் பார்வை

ஊரில் அவருக்கு ஒற்றைக்கண்ணர் என்று பெயர். கண் இரண்டும் இருந்தன. போட்டிகளில் கைத்துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடும்போது இடது கண்ணுக்கு ஓர் அட்டையை மாட்டிக்கொள்வார், அவ்வளவுதான். மற்ற நேரத்தில் ஓவியர். காசு கொடுப்பவர்களுக்கெல்லாம் முகம் வரைந்து கொடுப்பார். வீடு முழுக்கச் சாய வாடையும் துப்பாக்கி எண்ணெய் வாடையும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அதற்கு முகம் சுளிக்கவும் ஆளில்லை. வெளியூரிலிருந்த மகளோ அம்மா போனதிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டாள்.

வயதானதும் கண்புரை வந்தது.

"உள்ள வைக்கிற லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் சரியா இருக்கும். எட்டப் பார்க்கவா, படிக்கவா?" என்று டாக்டர் கேட்டார்.

"கை நீளத்துக்கு வைங்க டாக்டர். துப்பாக்கி முனையும் அங்கதான், தூரிகை முனையும் அங்கதான்."

"சுட வேண்டிய இலக்கு?"

"அது மங்கலாத் தெரிஞ்சாப் போதும். முனைதான் தெளிவா தெரியணும்."

"எதிர்ல வர்ற மனுஷங்க?"

"நம்மளத் தேடி யாரு வர்றா?"

டாக்டர் சிரித்துவிட்டார். எட்டப் பார்ப்பதற்கென்று எழுதிக் கொடுத்த கண்ணாடியை வாங்கி டிராயரில் போட்டதோடு சரி, இந்தப் பிடிவாதக்காரர் அதைத் தொடவே இல்லை.

மூத்தோர் துப்பாக்கி சுடும் போட்டி நெருங்கியபோது மகள் போன் செய்தாள். "பார்க்க வரட்டுமாப்பா?"

மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் அறையை அடைத்திருந்த படங்களை வெளியேற்றினார், புதுப் போர்வை வாங்கினார். இந்தத் தடவை அவளை விட்டுவிடக் கூடாது என்று தவித்தார்.

போட்டியில் நன்றாகவே சுட்டார். முடிந்ததும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டத்தில் மகளைத் தேடினார். தண்ணீர் பட்ட ஓவியம் போல வெறும் நிறங்கள். யாரோ கையை ஆட்டினார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். அவள் வரவில்லை என்று வழியெல்லாம் நெஞ்சு கசந்தது.

சாயங்காலம் போன் வந்தது.

"கை காட்டினேன். மூஞ்சியைத் திருப்பிட்டுப் போயிட்டீங்க. நான் பஸ் ஏறிட்டேன்."

"ஐயோ, கண்ணு தெரியலைம்மா!" லென்ஸ் கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சரிப்பா. அம்மா ஆஸ்பத்திரி ஜன்னல்ல நின்னு கை காட்டினாங்க. போட்டிக்கு நேரமாச்சுன்னு நீங்க திரும்பாமப் போனீங்க. அப்போ கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு?"

அவள் போனை வைத்துவிட்டாள்.