மீட்டருக்குத் தெரியாத மேடு

ஆட்டோக்காரரைத் திட்டுவதற்கு மட்டும் இதுவரை எந்தச் சபையும் கட்டணம் நிர்ணயிக்கவில்லை. பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎல ஆட்டோ ஸ்டாண்டில் நான் ஒருத்திதான் பெண். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆட்டோ ஹேண்டிலைப் பிடித்தவள். ஸ்டாண்டுகளில் நிற்கும் அண்ணன்மாரே, தம்பிமாரே, நீங்களும் என்னைப் போல் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான் என்பதால் மனம் விட்டுச் சொல்கிறேன்.

மூட்டையும் முதலாளியும்

மீட்டர் கட்டாயம் என்று அறிவித்த வாரம். எங்கள் தோட்டத்து மேட்டில் ஆளும் சாமானுமாக ஆட்டோ ஏறாது. கோயில் வளைவு வந்ததும் யாரும் சொல்லாமலே ஆட்கள் இறங்கி நடப்பார்கள். சாமான் மட்டும் வண்டியில் வரும். நான் மேலே போய்க் காத்திருப்பேன். இது எங்களுக்குள் எப்போதும் உள்ள பழக்கம்.

அன்று செல்லம்மா அக்காவும் புருஷனும் அப்படித்தான் நடந்து வந்தார்கள். மூச்சு வாங்க மேலே வந்த அக்கா மீட்டரை எட்டிப் பார்த்தார். இறங்கும்போது இருந்த கணக்கு இல்லை, கூடியிருந்தது. வண்டி ஓடியதுதான் மீட்டருக்குத் தெரியும், ஆள் நடந்தது தெரியாது என்று விளக்கப் பார்த்தேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்: "ஏன்டி ஸ்டெல்லா, நடந்தது நாங்க, சொகுசா வந்தது அரிசி மூட்டை. மேட்டுக் காச அதுக்கிட்டயே வாங்கிக்க!"

ஆஸ்பத்திரி வாசலில்

பதுளை ஆஸ்பத்திரியில் மனைவியைப் பார்க்க ராமையா அண்ணனைக் கூட்டிப் போனேன். எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். வண்டி நின்றாலும் மீட்டர் ஏறும் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். உள்ளே போனவர் ஐந்து நிமிடத்தில் ஓடி வந்து மீட்டரைப் பார்த்தார். போனார், மறுபடி வந்தார். இப்படி ஓடினால் அந்த மனுஷன் பெண்டாட்டி முகத்தை எப்போது பார்ப்பார்? எனக்குப் பொறுக்கவில்லை. மீட்டரை அணைத்துவிட்டு, "பழுதாயிருச்சு அண்ணே, ஆறுதலா பாத்துட்டு வாங்க" என்றேன்.

நோயாளர் பார்க்கும் நேரம் முடிந்து, வாயிற்காவலர் எல்லோரையும் வெளியே அனுப்பிய பிறகுதான் வந்தார். முகம் தெளிந்திருந்தது. பொய் சொன்னதற்கு எனக்கு வருத்தமே இல்லை. வீட்டில் இறங்கும்போது சொன்னார்: "நாளைக்கும் இந்த ரிப்பேர் வண்டியவே கொண்டாம்மா. நல்லதா பாத்து எடுத்துக்கிட்டு வந்துராத."

வரிசைக்கு வெளியே

ஸ்டாண்டில் முதலில் வந்தவருக்கு முதல் ஹயர், அதாவது முதல் சவாரி. சுனில் அண்ணனும் ஆட்டோக்காரர்தான், ஆனால் அவருக்கு அந்த வரிசையில் இடமில்லை. அவர் ரோட்டில் சுற்றிக்கொண்டே இருப்பார். என் முறை வரும்போதுதான் அவர் வண்டியும் சரியாக வந்து சேரும். பையோடு என்னை நோக்கி வந்த ஆளை ஒருநாள் கண்ணெதிரே ஏற்றிக்கொண்டார். திரும்பி வரட்டும் என்று காத்திருந்து பிடிபிடியென்று பிடித்தேன். சிங்களவர் என்றாலும் தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். என்னைத் தங்கச்சி முறைக்கு நங்கி என்பார். "நங்கி, நின்னா போலீஸ் வெரட்டுது. ஓடுனா நீங்க வெரட்டுறீங்க. நான் பறக்கவா?"

இலக்கம் இல்லாத வீடு

பிறகு புது விதி வந்தது. ஸ்டாண்டில் இனி இத்தனை வண்டிதான். நேர்முகத்தில் தேறினால்தான் அனுமதி. தேறாதவர் இடம், காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளுக்கு. முதல் ஆள் சுனில் அண்ணன்.

மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் என் வீட்டு இலக்கத்தைக் கேட்டார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டுக்கு ஏது இலக்கம்? தோட்டத்துப் பெயரைச் சொன்னேன். அது முகவரி ஆகாது என்று படிவத்தை மூடினார். நான் பிறந்த வீடு அது. என் இரண்டு பிள்ளைகளும் பிறந்த வீடு. மறுபடி கூடை மாட்ட வேண்டியதுதான் என்று எழுந்தேன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுனில் அண்ணன் உள்ளே வந்தார். "இந்த லயத்தை எனக்குத் தெரியும், எத்தனையோ தடவை அங்கே ஆட்களை இறக்கியிருக்கிறேன், சாட்சியாக என் பெயரை எழுதுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். உத்தியோகத்தர் அவரையே பார்த்தார். "இந்தப் பெண் தேறாவிட்டால் இடம் உமக்குத்தான், தெரியுமா?" என்று கேட்டார். சுனில் அண்ணன் தலையைச் சொறிந்தார். "தெரியும் சேர். பட்டியலில் முதலாவதாகத்தானே இருக்கிறேன். ஒரு இடம் நியாயமாகக் காலியாகட்டும், அப்போது வருகிறேன்."

எனக்கு அனுமதி கிடைத்தது, அவர் இன்னும் ரோட்டில் சுற்றியபடி என் ஹயரைத் தட்டிக்கொண்டுதான் போகிறார், போட்டியை ஒழுங்குபடுத்த வந்தவர்களிடம் அதைப் பற்றி நான் முறைப்பாடு கொடுப்பதாக இல்லை.