தூக்கி வைத்த கம்பி

அஞ்சுகம் கிளிஞ்சல்மேட்டுக்காரி. பதினெட்டு வருடம் தெருத்தெருவாக மீன் விற்றவள். இனித் தலைச்சுமை கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, தருமபுரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது வயது நாற்பத்தாறு.

அங்கே இருந்த பதினான்கு பேரில் நீலமேகம் ஒருவர். எண்பது வயது, விசைப்படகு ஓட்டியவர். நடை தள்ளாடும். ஞாபகம் சில நாள் இருக்கும், சில நாள் இராது. மகள் உமாமகேஸ்வரிக்குத் திருநள்ளாற்றில் பூஜைச் சாமான் கடை. அவரைச் சேர்த்துவிட்ட அன்றே அவள் சொன்னாள்:

"அக்கா, அப்பா பாட்டுக்கு எழுந்திரிச்சுப் போயிடுவாரு. கட்டில்ல பக்கக் கம்பிய எப்பவும் தூக்கியே வைங்க."

அஞ்சுகத்துக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் கம்பியைத் தூக்கிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். சற்று நேரத்தில் சத்தம் கேட்டது. ஓடி வந்தாள். நீலமேகம் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். கட்டில் கம்பி தூக்கியபடியே இருந்தது.

"ஒண்ணுக்கு வந்துச்சு. ஏறித் தாண்டுனேன்" என்றார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மகளுக்கு நான்கு முறை போன் அடித்தார்கள். கடையில் சனிக்கிழமைக் கூட்டம், அவள் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் போன பிறகு நிர்வாகி சிவநாதன் பதிவேட்டை எடுத்து, தடுமாறி விழுந்தார் என்று எழுதப் போனார்.

"அப்படி எழுதாதீங்க சார். கம்பியத் தூக்குனது நான். அது இல்லன்னா கால ஊனி எறங்கியிருப்பாரு. தாண்டப் போயித்தான் அம்புட்டு ஒசரத்துலேர்ந்து விழுந்தாரு."

"இத எழுதுனா உங்க வேலைக்குத்தான் ஆபத்து."

"பரவால்ல, எழுதுங்க."

எழுதினார். வேலை போகவில்லை. அதைப் படித்த பிசியோதெரபிஸ்ட் ரிஃபானா மறுவாரம் வந்து ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தார். எழுந்து தாண்டக்கூடியவருக்குக் கம்பியே ஆபத்து என்றார். கட்டிலை அடிமட்டத்துக்கு இறக்கச் சொன்னார். அழைப்பு மணி கைக்கு எட்ட வேண்டும், சாப்பாடு முடிந்ததும் கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டும். வாக்கர்கள் யாருடையது எதுவென்று தெரியாமல் மூலையில் கலந்து கிடந்தன. இரண்டில் அடி ரப்பர் தேய்ந்து வழுக்கியது. ஆளை நிமிர்ந்து நிற்க வைத்து, கைப்பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வருகிறதா என்று பார்க்க அஞ்சுகம் கற்றுக்கொண்டாள். ரப்பர் மாற்றி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து நீலமேகம் திரும்பி வந்தபோது உமாமகேஸ்வரி முதலில் பார்த்தது கட்டிலைத்தான்.

"கம்பிய எறக்கிப் போட்டிருக்கீங்க. இன்னொரு தடவ விழுந்தா?"

"விழவே மாட்டாருன்னு நான் சொல்ல மாட்டேம்மா. விழுந்தாலும் கொஞ்ச ஒசரம்தான், கீழ மெத்தை கெடக்கு. போன தடவ மாதிரி ஆவாது."

உமாமகேஸ்வரி அடுத்த இரண்டு மாதம் வந்தபோதெல்லாம் அஞ்சுகத்திடம் முகம் கொடுக்கவில்லை.

ஐப்பசியில் நீலமேகம் ஒருமுறை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். உமாமகேஸ்வரி வந்து பார்த்தாள். போகும்போது, "வரேன்க்கா" என்றாள்.

இப்போது அவர் வாக்கரோடு வாசல்வரை போய் வருகிறார். வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் வைக்கிறார். அஞ்சுகம் கூடவே நடக்கிறாள். அவள் கண் அந்தக் காலிலேயே இருக்கும்.