தனி அடுப்பு

ஏற்கெனவே அனுமதித்த உதவித்தொகையை நிறுத்துவதானால் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் காரணம் காட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். சம்பந்தப்பட்டவரை நேரில் அழைத்துக் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் உத்தரவு. அந்த உத்தரவிலும் காரணம் எழுதியிருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக நுழைந்து, உதவிச் செயலாளராக வெளியே வந்தவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசையை மாறாமல் சொல்லிவிடுவேன். என் அக்காவின் விஷயத்தில் இவற்றில் எதுவும் மீறப்படவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். யாரும் எதையும் நிறுத்தவில்லை. ஆகவே நோட்டீஸும் இல்லை. பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான். ஒருவரைப் பயப்படுத்துவதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிய அப்பா, எங்களுக்கு விட்டுப்போனது ஒரு சந்து வீட்டை. இளம்பிள்ளை வாதம் அக்காவின் இடது காலைச் சிறு வயதிலேயே எடுத்துக்கொண்டுவிட்டது. கக்கத்தில் ஊன்றுகட்டையை வைத்துக்கொண்டே அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்தாள். பிறகு என் பிள்ளைகளை வளர்த்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளாமல் வீட்டில் இருந்துவிட்டதாக உறவினர்கள் சொல்வார்கள். அவள் வீட்டில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. வீட்டை நடத்திக்கொண்டிருந்ததாகத்தான் நினைவு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுக்கு விகலாங்க பென்ஷன் அனுமதியானது. ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான். தொகை சிறியது, அதுவும் மாதாமாதம் வராது. சில மாதத்துக்குச் சேர்த்து, பெரும்பாலும் ஓணத்துக்கு முன்னால், மணியார்டராக வரும். தபால்காரர் வருவார் என்று தெரிந்த அன்று அக்கா வெளுத்த சேலை கட்டி, முன் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். எட்டாம் வகுப்புப் படிப்பின் முழு கம்பீரத்தோடும் கையெழுத்துப் போடுவாள்.

அந்தப் பணம் அவளுக்கு என்னவாக இருந்தது என்பது முதல் விஷுவன்றுதான் எனக்கு விளங்கியது. சித்திரைப் பிறப்பான விஷுவின் காலையில் இளையவர்களுக்குக் கைநீட்டமாகக் காசு கொடுப்பது வீட்டில் மூத்தவர்களின் உரிமை. அதற்கு முந்தைய வருடங்களில் எல்லாம் முதல் நாள் சாயங்காலமே நான் அவளிடம் நாணயங்களைக் கொடுத்துவைப்பேன். மறுநாள் காலையில் அவள் அவற்றையே எங்களுக்கு எடுத்துக் கொடுப்பாள். அந்த வருடம் நான் நீட்டியதை அவள் வாங்கவில்லை. "ஒனக்க காச ஒனக்கே தாறதுக்குப் பேரு கைநீட்டமா லே? இதுவரைக்கும் ஆடுனது நாடகம். நாளைக்குப் பாரு, அசலு" என்றாள். மறுநாள் தலை நரைத்த நான் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டு ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டேன். என் சர்வீஸில் வாங்கிய எந்தச் சம்பள உயர்வும் எனக்கு அத்தனை கூச்சத்தைத் தந்ததில்லை.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து அந்தச் செய்தி வந்தது. அரசுச் செலவைக் குறைப்பதற்கு வழி சொல்ல அமைத்த ஏதோ ஒரு குழு, வேறொருவர் ஓய்வூதியம் வாங்கும் குடும்பத்தில் ஊனமுற்றவருக்குத் தனியாக உதவித்தொகை தேவையில்லை என்று சிபாரிசு செய்யப்போகிறதாம். நாலாம் பக்கத்தின் ஓரத்தில் சின்னப் பத்தி. எங்கள் வீட்டில் அந்த வேறொருவர் நான்.

அன்று சந்து முனையில் லாட்டரி விற்பவர் தன் மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றி ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அவருக்கும் அதே பென்ஷன். அவரோடு இருந்த அம்மாவுக்கு, இறந்துபோன அப்பா வழியில் ஏதோ சின்னக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. "நமக்கெல்லாம் காலு மொளைச்சாச்சுன்னு ஆரோ கெவர்மென்டுக்கு ரிப்போர்ட் குடுத்திருக்கா ஸாரே. நானும் காலம்பற குனிஞ்சு பாத்தேன். இன்னும் ஒண்ணும் காணல்ல" என்றார். உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "கிடைக்கிற எடம் தெரிஞ்சா எனக்கும் ஒண்ணு வாங்கீட்டு வா. எடது காலாக்கும், கேட்டியா?" இருவரும் நன்றாகச் சிரித்தார்கள். அவர் வண்டி திரும்பிப் போன சத்தம் அடங்கிய பிறகு அக்கா அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தாள்.

நான் அவளுக்கு விளக்கினேன். சிபாரிசு என்பது உத்தரவு அல்ல. குழு அறிக்கை தர வேண்டும், துறை அதைப் பரிசீலிக்க வேண்டும், நிதித்துறை குறிப்பு எழுத வேண்டும், அமைச்சரவை கூட வேண்டும். எவ்வளவு வேகமாக நகர்ந்தாலும் அந்தக் கோப்பு நம் ஆயுளுக்குள் வராது என்று சொன்னேன். நான் சொன்னதில் ஒரு வரிகூடத் தவறில்லை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் கெடக்கட்டும் லே. ஒன் சட்டத்தில குடும்பம்னா என்னா?" என்றாள்.

"ஒரே கூரைக்குக் கீழ இருந்து, ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடறவங்க."

"கூரைய ஒண்ணும் செய்ய முடியாது. அப்பம் அடுப்பு ரெண்டானா?"

"அடுப்பு ரெண்டானா குடும்பமும் ரெண்டு."

மறுநாள் காலை நான் எழுந்தபோது கிணற்றடியை ஒட்டிய சாமான் அறையை அக்கா ஒழித்துக்கொண்டிருந்தாள். பரணில் கிடந்த பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ், அலம்பிக் கவிழ்த்தபடி வாசலில் காய்ந்துகொண்டிருந்தது.

என் மனைவி அழுதாள். "நான் என்ன கொறை வச்சேன் மைனி? நாலு பேரு என்ன சொல்லுவா?" என்று கேட்டாள். "நீ ஒரு கொறையும் வைக்கல்லட்டி. ஒனக்க மாப்பிள்ளைக்க பென்ஷன் வச்ச கொறையாக்கும் இது" என்றாள் அக்கா. அந்தத் தொகையை நானே தந்துவிடுகிறேன் என்றேன். அவள் ஸ்டவைத் திருப்பி வெயிலில் வைத்தாள். கடைசியில், ரேஷன் கார்டைத் தனியாகப் பிரித்துக்கொள்ளலாம், சாப்பாடு எப்போதும்போல ஒன்றாகவே இருக்கட்டும் என்று ஒரு வழி சொன்னேன். நாட்டில் பாதிப் பேர் செய்வது அதுதான். "கார்டுக் கடலாசில ஒண்ணு, அடுப்பில ஒண்ணா? நீ சர்க்கார் ஜோலி பாத்தவன், ஒனக்கு அது வரும். எனக்கு வராது. நாளைக்கு ஒருத்தன் வந்து எந்த அடுப்பில திங்கேன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றாள்.

தனிக் கார்டு வந்தபோது மட்டும் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. குடும்பத் தலைவி என்ற இடத்தில் அவள் பெயர். "தலைவியாக்கும் நான். குடும்பத்தில ரெண்டு அங்கம், நானும் கட்டையும்" என்று தபால்காரரிடம்கூடக் காட்டினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. மத்தியானம் நானும் மனைவியும் சாப்பிட உட்காரும்போது, சுவருக்கு அப்பால் ஸ்டவுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்கும். சிறிது நேரம் கழித்து, கதவைச் சாத்தும் சத்தம். கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவாள். முன்பெல்லாம் மனைவி பரிமாறுவதில் உப்பு, புளி, வேக்காடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் மனைவி உள்ளித்தீயலை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தாள். அது மூடியைத் திறக்காமல் திரும்பி வந்தது. "மணத்தப் பாத்தாலே தெரியுது, நல்லா வந்திருக்கு. ஆனா வேண்டாம். இன்ஸ்பெக்டர் வந்து ரெண்டு வீட்டிலயும் ஒரே கறின்னு எழுதிட்டுப் போவான்" என்றாளாம். மனைவி அன்று அந்தத் தீயலைத் தொடவில்லை. எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வரவே இல்லை. யாரும் அனுப்பாத ஒருவர் எப்படி வருவார்? ஆனால் அக்கா தினமும் அவருக்காக ஸ்டவைத் துடைத்துவைத்தாள். தனித்தனி டப்பாக்களில் அரிசி, பருப்பு, உப்பு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். நான் அவள் பெயரில் ஒரு மனு எழுதினேன்: இப்படி ஒரு முன்மொழிவு உண்டா, உண்டென்றால் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தெரிவிக்கக் கோருகிறேன். அவளே கையெழுத்திட்டாள். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு அந்த நினைவூட்டலை நினைவூட்டி இன்னொன்று. பழைய அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் தொலைபேசியில், "கோப்பு ஓடிக்கொண்டிருக்கிறது ஸார்" என்றார். அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த விஷுவுக்கு அவள் அந்த அறையிலிருந்து முன் அறைக்கு வந்து, எங்கள் இருவருக்கும் கைநீட்டம் கொடுத்தாள். "அயல்வீட்டுக்காரங்களுக்கும் குடுக்கலாம்லா, ஒன் ரூல்ல தப்பில்லியே?" என்று கேட்டாள். அவள் கையில் எலும்பு தெரிவதை அன்றுதான் நான் கவனித்தேன். காலையில் ஒரு தடவை பொங்கி இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்கிறாள் என்று மனைவி சொன்னாள். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு இரண்டு வேளையும் சமைக்க அந்த வயதில் யாராலும் முடியாது.

இடவப்பாதி மழை தொடங்கிய ஜூன் மாதத்தில், கஞ்சி வடித்த பானையோடு கிணற்றடி ஈரத்தில் அவள் விழுந்தாள். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியில் என் மனைவி வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுபோய் ஸ்பூனால் ஊட்டினாள். முதல் வாய்க்கு முன்னால் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில படுத்தா குடும்பக் கணக்கு உண்டா லே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்குத் தெரிந்தவரை அப்படி ஒரு விதி கிடையாது. அவள் வாயைத் திறந்தாள். ஒன்றிரண்டு வாய்க்குப் பிறகு, "உப்பு கொறவு" என்றாள். மனைவி வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். நெஞ்சில் சளி கட்டி, அந்த மாதம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

அவளுடைய உதவித்தொகை ஒரு மாதம்கூட நிறுத்தப்படவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். யார்மேலும் புகார் எழுத வழியில்லை. எழுதினாலும் நானே அதைத் தள்ளுபடி செய்து குறிப்பெழுதியிருப்பேன். அந்தக் குழுவின் அறிக்கை வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதன் பிறகும் இதுபோன்ற பத்திகள் வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தகுதியற்றோர் நீக்கம், மறுபரிசீலனை, சீரமைப்பு. படிக்கும்போதெல்லாம், இந்த ஊரில் இன்று எத்தனை வீடுகளில் யாரெல்லாம் சாமான் அறையை ஒழிக்கிறார்களோ என்று தோன்றும். பிறகு பக்கத்தைத் திருப்பிவிடுவேன். எங்கள் சாமான் அறையில் இப்போது மழைக்காலத்தில் துணி உலர்த்துகிறோம்.

அக்காவின் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு முற்பகலில் தபால்காரர் வந்தார். "அக்கச்சிக்கு ஒரு சர்க்கார் கவர் உண்டு ஸாரே" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார். விலாசதாரர் இறந்துபோனால் அதைக் குறித்துக் கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்.

உள்ளே ஒரே ஒரு வாக்கியம். தாங்கள் குறிப்பிட்டுள்ளதைப் போன்ற முன்மொழிவு எதுவும் அரசின் பரிசீலனையில் இல்லை என்று இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது. குறை சொல்ல முடியாத வாசகம். நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதிகாரி அதில் கையெழுத்திட்ட தேதி பிப்ரவரி எட்டு. அன்றைக்கு அக்கா இருந்தாள், விழவில்லை. சுவருக்கு அப்பால் ஸ்டவுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்திருப்பாள். கையெழுத்தான கடிதம் அனுப்பும் பிரிவின் மேசைக்குப் போய், அங்கே எதன் அடியிலோ கிடந்திருக்கிறது. அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஜூலை பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை.