பாட்டு இல்லாத மூன்று ஆல்பங்கள்

டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு மேடையில் எப்போதும் பின்வரிசைதான். பாடகர் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது மட்டும் அவன் முகம் ஜனங்களுக்குத் தெரியும்.

பத்தொன்பது வருடம் அப்படித்தான் இருந்தேன். ‘ஏழாம் சுரம்’ மெல்லிசைக் குழு என்றால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரத்தில் தெரியாத ஆள் கிடையாது. கோயில் கொடைக்கு முதலில் எங்களிடம் தேதி கேட்டுவிட்டுத்தான் பிறகு சாமியிடம் கேட்பார்கள். அப்பேர்ப்பட்ட குழுவிலிருந்து எங்கள் பாடகர் சேகர் ஒருநாள் கிளம்பிப் போனார். இசையை மட்டும் பதிவு செய்த கரோக்கே ட்ராக்குகளை ஒரு லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு, கல்யாண வீடுகளில் தனியாகப் பாட ஆரம்பித்துவிட்டார். வாத்தியக்காரர்கள் எட்டுப் பேரும் அந்த லேப்டாப்புக்குள் அடங்கிவிட்டோம். குழு கலைந்தது.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாடகரே இல்லாமல், வெறும் டிரம்ஸை வைத்து ஆல்பம் போட்டேன். ஒன்றில்லை, மூன்று. கவிதைப் புத்தகம் போட்டுக் கல்யாண வீடுகளில் கையில் திணித்தவர்கள், யூடியூப் சேனல் தொடங்கிச் சொந்தக்காரர்களுக்கு லிங்க் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள், நீங்களெல்லாம் என் கட்சி. மேலே படியுங்கள்.

காதர் பாயின் தீர்ப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் காதர் பாய் மொபைல் கடை வைத்திருக்கிறார். வட்டாரத்து ஆட்டோக்காரர்களுக்கும் வேன்காரர்களுக்கும் பென் டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது அவர்தான். அவர் கையில் ஒரு பாட்டு விழுந்தால் ஒரே வாரத்தில் ஊர் முழுக்க ஓடும். அதனால் முதல் ஆல்பத்தை முதலில் அவரிடம்தான் கொண்டுபோனேன். “ஏழாம் சுரம் மாஸ்டரா! வாங்கண்ணே, வாங்க” என்று டீ எல்லாம் சொன்னார். மனுஷனுக்குச் சந்தோஷம்.

கடையில் பெரிய ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முதல் பாட்டு முடிந்தது. (இங்கே எதுவாக இருந்தாலும் பாட்டு என்றுதான் சொல்வோம், யாரும் பாடாவிட்டாலும்.) இரண்டாவதும் பாதி ஓடியது. என் வாழ்க்கையில் ஒருவர் என் வாசிப்பை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பாய் கண்ணைத் திறந்தார். ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: “அண்ணே, அடியெல்லாம் சரியா ஏறிருக்கு. பாட்டுதான் ஏறலை. வீட்டுக்குப் போயி திரும்ப ஒருவாட்டி காப்பி பண்ணிக் கொண்டாங்க.”

பின்னறைச் சட்டம்

இரண்டாவது ஆல்பத்துக்கு நடந்ததைச் சொல்ல ஒன்றும் இல்லை. அதாவது, ஒன்றும் நடக்கவில்லை. ஆவணியில் மூன்றாவதை முடித்தேன். நான்கே நான்கு பாட்டு. அன்றைக்கு என் மனைவி செல்வி பின்னறை வாசலில் வந்து நின்றாள். செல்வி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். பின்னறை முழுவதையும் டிரம்ஸ் அடைத்துக்கொண்டதால் அவளுடைய தையல் மிஷின் அடுப்படி வாசலில் கிடக்கிறது. தாளிக்கிற எண்ணெய் தெறித்துப் பட்டுத்துணி ஒன்று பாழான கதை எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்படும்.

தென்காசிப் பக்கம் ஒரு சர்ச் பாடகர் குழுவுக்கு டிரம்ஸ் வேண்டும் என்று ஆள் மேல் ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். “நீயாவது முழுசாக் கேளேன்” என்றேன். “நீங்க தட்டுகையிலேயே எல்லாத்தையும் கேட்டவ நானு. என்னைச் சேக்காதீக” என்றாள். பிறகு சட்டத்தை அறிவித்தாள்: “இந்தத் தடவை ஒரே ஒரு ஆளாவது மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டுருக்கணும். இல்லன்னா தை பொறந்ததும் டிரம்ஸு தென்காசிக்கு, மிஷினு இந்த ரூமுக்கு.”

மினி பஸ்ஸில் ஓடிய மூன்றாவது ஆல்பம்

புரட்டாசி சனிக்கிழமை. எங்கள் திருவண்ணாமலைக்கு, அதாவது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைப் பெருமாளுக்கு, கூட்டம் அலைமோதும். அந்தப் பக்கம் ஓடும் மினி பஸ் ஒன்றில் என் ஆல்பத்தைப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். வழியெல்லாம் சினிமாப் பாட்டுதான் ஓடியது. என்னுடையது வரும் வரும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மலையடிவாரத்தில் பஸ் நின்றதும், சொல்லி வைத்ததுபோல என் முதல் பாட்டு அதிர்ந்தது. இறங்குகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரைவரிடம் போய், அதை வாசித்தது நான்தான் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். “நல்லா இருப்பீக அண்ணாச்சி! சினிமாப் பாட்டு ஓடுனா ஒரு சனமும் எறங்க மாட்டேங்கு, பாட்டு முடியட்டும்னு உக்காந்திருக்கு. இதைப் போட்டா ரெண்டே நிமிசத்துல பஸ்ஸு காலி!”

செட்டியார்பட்டி ரசிகர்கள்

தீபாவளிக்கு முன்னால் செட்டியார்பட்டியிலிருந்து ஒருவர் போன் செய்து பென் டிரைவ் இரண்டு வேண்டும் என்றார். ஒன்றில்லை, இரண்டு. ஒன்று கெட்டுப்போனாலும் இன்னொன்று இருக்கவேண்டுமாம். நானே பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். போனால், அவர் ராஜபாளையம் நாய் வளர்த்துக் குட்டி விற்கிறவர். பால் வெள்ளையில் ஏழு குட்டிகள் ஒரு கொட்டகைக்குள் வரிசையாகப் படுத்திருந்தன. நடுவில் ஒரு ஸ்பீக்கர்.

வெடிச்சத்தத்துக்குக் குட்டிகள் மிரளாமல் இருக்க, இப்போதே காதைப் பழக்குகிறாராம். பறை, செண்டை எல்லாம் போட்டுப் பார்த்தாராம். ஒன்றும் சரிப்படவில்லையாம். என்னுடையதில்தான் எந்த நேரம் எந்தப் பக்கம் வெடிக்கும் என்று தெரியாதாம். எனக்குள் நப்பாசை ஒன்று தலையெடுத்தது. “முழுசாக் கேக்குதுகளா?” என்றேன். “என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீக? காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா, நாலு பாட்டும் கடைசி வரைக்கும் கேக்குதுக” என்றார். அப்படியென்றால் பக்கத்தில் இருக்கிற இவரும் கேட்டிருப்பார் அல்லவா? தயங்கித் தயங்கி அதையும் கேட்டேன். “நானா? சுவிட்சைப் போட்டுட்டு வயலுக்குப் போயிருவேண்ணே. நாய்க்குன்னா சரி, மனுசன் தாங்குவானா?”

சேகர் சொன்ன பாராட்டு

கார்த்திகை முகூர்த்தம் ஒன்றில், ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில், சேகரைப் பார்த்தேன். மேடையில் தனி ஆள். பக்கத்தில் ஸ்டூலில் லேப்டாப். பழைய கோபமெல்லாம் சாப்பாட்டுப் பந்தியில் கொஞ்சம் கரைந்துவிட்டது. பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தோம். முந்தின மாதமே அவருக்கு ஆல்பத்தை அனுப்பியிருந்தேன். நானாகக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரசம் வரைக்கும் வந்துவிட்டேன்.

பாயசத்தில் அவரே ஆரம்பித்தார். “மாஸ்டர், கேட்டேன். முழுசா, ஒரே மூச்சுல!” என்றார். செல்வியின் சட்டம் நிறைவேறிவிட்டது என்று எனக்குப் பாயசம் இன்னும் இனித்தது. எது பிடித்தது என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். நான்கு பாட்டு உள்ள ஆல்பத்தைப் பற்றி அவர் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார்: “எல்லாமே அருமை மாஸ்டர், ஆனா அந்த அஞ்சாவது பாட்டு இருக்கு பாருங்க, அதை அடிச்சுக்க ஆளே இல்லை.”

விழாத அடி

மார்கழி பாதி ஆனது. தென்காசிக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். டிரம்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி வாசல் பக்கம் வைத்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. செல்வியும் மிஷினை உள்ளே நகர்த்துவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் பேச்சியம்மாள் பொங்கலுக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்தாள். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். போன தடவை அவள் வந்தபோது, அளவு ஜாக்கெட் கொண்டுவந்த பைக்குள் ஒரு பென் டிரைவையும் போட்டுவிட்டிருந்தேன், டிவியில் செருகினால் பாடும் என்று. கேட்டாயா என்று கேட்கிற தெம்புகூட எனக்கு இல்லை. அவளாகவே சொன்னாள். “அண்ணே, அதுல மூணாவது பாட்டு முடியப்போற நேரத்துல ஒரு அடி விழலையே?”

நான் உஷாராகிவிட்டேன். “மொத்தம் எத்தனை பாட்டு?” என்றேன். “நாலு” என்றாள். “ஆறு தறிய ஒத்தையில பாக்கேன்ணே. ஆறையும் கண்ணால பாக்க முடியுமா? காதாலதான். எதுலயாச்சும் ஒரு அடி தப்புனா இழை அந்துருச்சுன்னு அர்த்தம், ஓடிப்போயி நிப்பாட்டணும். உங்க மூணாவது பாட்டுல அடி தப்பவும், கையில கரண்டியோட டிவிய நிப்பாட்ட ஓடிட்டேன். பொறவு நாலாவதுலயும் எங்கயோ அறும்னு கடைசி வரைக்கும் காதைக் குடுத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில அதே மாதிரி ஒண்ணு அந்துச்சு.” செல்வி ஊக்கு மாட்டிக்கொண்டிருந்த ஜாக்கெட்டைக் கீழே வைத்தாள். “ஆளு கெடச்சாச்சு. தென்காசிக்குப் போனைப் போடுங்க” என்றாள். அவள் குரலில் என்னைவிட அதிக நிம்மதி இருந்தது. அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் வித்தைக்காரன் திமிர் விடுமா? என் வாசிப்பில் அடி விழவில்லையா என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். விழவில்லை. மூன்றாவதிலும் இல்லை, நான்காவதிலும் இல்லை. அந்த இரண்டின் நடையில் வரும் எந்தப் பாட்டும் முடிகிற நேரத்தில் சேகர் ஒரு நீளமான இழுவை இழுப்பார். அதற்கு முன்னால் அவர் மூச்சு வாங்க, நான் ஒரே ஒரு அடியை விட்டுக்கொடுப்பேன். பத்தொன்பது வருடப் பழக்கம். சேகர் இல்லாமல் என்னால் முடியும் என்று காட்டத்தான் ஆல்பமே போட்டேன். அதிலும் அவர் மூச்சு வாங்க இடம் விட்டு வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த அஞ்சாவது பாட்டுக்காரர் மேல் கொஞ்சம் பாசமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க முடியவில்லை. “எல்லாமே வீணாப்போச்சே, ஆல்பத்துலயே பிசகு இருக்கே” என்று புலம்பினேன். பேச்சியம்மாள் போர்வைக்குள் கிடந்த டிரம்ஸை ஒரு பார்வை பார்த்தாள். “இழை அந்தா முடிச்சைப் போட்டுத் திரும்ப ஓட்ட வேண்டியதுதானண்ணே, அதுக்காகத் தறியவா தூக்கிக் குடுப்பாக?”

மூன்று ஆல்பங்களில் நான் அடித்த அத்தனை அடியும் சேர்ந்து காப்பாற்ற முடியாத டிரம்ஸை, அடிக்காமல் விட்ட இரண்டு அடிகள் காப்பாற்றிவிட்டன. தையல் மிஷின்தான் இன்னும் அடுப்படி வாசலிலேயே கிடக்கிறது.